இரண்டு ராணிகளை மடக்கிப் போட்ட அண்ணனுக்கு

என் பிரியமான குமார் அண்ணா,

நைனா இப்போது என்னோடு ரேணிகுண்டாவில்தான் இருக்கிறார். கண்புரை ஆபரேஷன் முடிந்து பார்வை நன்றாகத் தெரிகிறது. தெரிவதால் என் வீட்டில் இருக்கிற குறை ஒன்று விடாமல் சொல்கிறார். குழாய் ஒழுகுவது, நான் ஃபேக்டரிக்கு ஷிஃப்ட் போகும்போது துப்பட்டாவைச் சரியாகப் போடாதது, பக்கத்து வீட்டுக்காரன் வண்டியை நிறுத்தும் லட்சணம், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பேச்சு இருக்கிறது. உன் பெயர் மட்டும் அவர் வாயில் வருவதில்லை.

உன் காரியம் முடிந்ததிலிருந்தே அப்படித்தான். பேச வேண்டி வந்தால் "அவன்" என்பார். நீ இங்கே கிடைத்த ஒர்க்‌ஷாப் வேலையை விட்டுவிட்டு பெங்களூர் கம்பெனிக்கு ரயிலேறியதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பில் போக்கர் ஆடுகிறாய் என்று எவனோ வந்து சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. "பேக்காட்ட ஆடறவனுக்கு நான் நைனா இல்ல" என்று போனை வைத்தார். சீட்டாட்டத்தைச் சொல்ல அவருக்குத் தெலுங்குதான் வரும், கோபத்தில் இன்னும் நன்றாக வரும். நீங்கள் இரண்டு பேரும் மறுபடி பேசிக்கொள்வதற்குள் ஒரு நாள் காலையில் நீ ஆபீஸில் மயங்கி விழுந்தாய். டாக்டர் இதயம் என்றார். துக்கம் விசாரிக்க வந்தவர்களோ சீட்டில் தோற்ற ஏக்கம் என்றார்கள். நைனா டாக்டரை விட்டுவிட்டு அவர்களை நம்பினார்.

எனக்கு அது பொறுக்கவில்லை அண்ணா. நீ எப்படி ஆடுவாய் என்று நம் வீட்டில் பார்த்தவள் நான் ஒருத்திதானே?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்கு உன்னைப் பார்க்க வந்தவளை நேராகக் கிளப்புக்கு அழைத்துக்கொண்டு போனாய். காசுக்குப் பதிலாக எல்லாருக்கும் ஒரே அளவு சில்லு கொடுப்பார்கள், தீர்ந்தவன் எழுந்து போக வேண்டும், கடைசி வரை உட்கார்ந்திருப்பவன் ஜெயித்தவன் என்று வழியிலேயே சொல்லிக் கொடுத்தாய். ஆரம்பத்திலேயே உன் முன்னால் சில்லு மலையாகக் குவிந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய குவியல் வைத்திருப்பவன் மற்றவர்களை நெருக்க வேண்டும், அவர்களுக்கு வெளியே போகிற பயம், நமக்கு அது இல்லை என்று சொன்னவனும் நீதான்.

எதிரே கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். கையில் கொஞ்சம்தான் மிச்சம். அதை மொத்தமாக நடுவில் தள்ளிவிட்டு உன் முகத்தையே பார்த்தார். நீ சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாய், பின்னால் நின்ற எனக்கும் தெரிந்தது. இரண்டு ராணி, ஜெயிக்கிற கை! அவர் ஜெயித்திருந்தால்கூட உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நீ அவரைப் பார்த்தாய், ஆட்டத்தை விட்டுக்கொடுத்துச் சீட்டை மடக்கிப் போட்டாய். சாயங்காலத்துக்குள் அந்த ஆளே கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி உன்னை வெளியே அனுப்பினார்.

வெளியே டீக்கடையில் நான் கத்தினேன். நீ போண்டாவைத் தின்றுகொண்டே சொன்னாய்: "அவரு வந்து உக்காந்து ஒரு மணி நேரம்கூட ஆவல தேவி. அதுக்குள்ள எப்டி எழுப்பி அனுப்பறது?"

இது நம் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வெதுருகுப்பத்தில் சிவராத்திரிக்குக் கோயிலில் கண் விழிக்கும்போது புளியங்கொட்டை வைத்துச் சீட்டாடுவோமே, அதில் யாரும் வெளியே போகக் கூடாது. கொட்டை தீர்ந்தவன் எழுந்து போனால் படுத்துவிடுவான், விரதம் கெட்டுவிடும். அதனால் நிறைய வைத்திருப்பவன் ஒரு கை அள்ளிக் கொடுக்க வேண்டும். நீ பெங்களூரில் ஏசி ஹாலில் உட்கார்ந்துகொண்டு சிவராத்திரி ஆட்டம் ஆடியிருக்கிறாய்! ஊரே உன்னைச் சூதாடி என்றது. இப்படியும் ஒரு சூதாடி உண்டா?

இதையெல்லாம் நைனாவிடம் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.

போன ஞாயிறு மத்தியானம் கரண்ட் இல்லை. டிவியும் இல்லை. பேப்பரை விசிறியாக வைத்து வீசிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"அவன் ஆடுவானே, அது இன்னா ஆட்டம்? எனக்குக் காட்டு."

சீட்டுக்கட்டைத் தேடி எடுத்து, சமையலறையிலிருந்து புளியங்கொட்டையையும் கொண்டு வந்து சரிபாதியாகப் பிரித்தேன். சிவராத்திரி ரம்மியில் கை தேர்ந்தவர் இல்லையா, சட்டென்று பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பெரிய குவியல் அவர் பக்கம். அப்புறம் என்னை மூச்சுவிட விடவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு பிடியை நடுவில் தள்ளி மிரட்டினார். நீ வாயால் சொன்னதை அவர் கையால் செய்தார். கடைசியில் என்னிடம் இருந்ததை மொத்தமாக வைத்தேன். அதையும் வாரிக்கொண்டார்.

வாரிய கையோடு குவியலில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

"நைனா, இதுல அப்டிக் குடுக்கக் கூடாது. தீந்தா எழுந்து போவணும்."

"போவணுமா? பக்கத்துல உக்காந்துகினு இருக்கறவன் பாத்துக்கினே இருப்பானா?"

"ஆமா. உன் புள்ளதான் பாத்துக்கினு இருக்க மாட்டான்."

இந்த முறை அவர் எழுந்து போகவில்லை. ராணிகளைப் பற்றியும் கண்ணாடிக்காரரைப் பற்றியும் போண்டாவைப் பற்றியும் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கொட்டைகளை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உன் பெயரைச் சொன்னார்.

"எல்லாருக்கும் விட்டுக் குடுத்துக்கினு இருந்துகிறான் என் குமாரு. அவனுக்கு ஒரு கை அள்ளிக் குடுக்கத்தான் நான் பக்கத்துல இல்லாம பூட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார் அண்ணா. சுடுகாட்டில்கூட அழாத மனுஷன், என் வீட்டுப் பாயில் சீட்டுக்கு நடுவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் தடுக்கவில்லை. நானும் சேர்ந்து அழுதேன். அது உனக்குக் கேட்டிருக்குமா?

இப்போது தினமும் உன்னைப் பற்றி ஏதாவது கேட்கிறார். பெங்களூரில் யார் சமைத்துப் போட்டார்கள், குளிருக்குப் போர்வை வைத்திருந்தானா என்று. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததற்கு உன் நண்பர்களுக்குப் போன் போட்டுத் தருகிறேன். அவர் கேட்கிற வரைக்கும் நான் சலிக்காமல் பதில் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்னோடு இன்னும் சண்டை தீராத உன் தங்கச்சி,
தேவி