குச்சியை எடுக்கும் பாடம்

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் நலம், அங்கே நீங்களும் அண்ணனும் நலமா என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் நேற்று வந்த பெட்டியைப் பிரித்ததிலிருந்து நான் நலமாக இல்லை.

போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். போனில், "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. கடிதம் என்றால் கடைசி வரி வரை படித்துத்தானே ஆக வேண்டும்.

தலைமை அலுவலகத்திலிருந்து உங்கள் பயிற்சிப் பிரிவு அனுப்பிய பெட்டியில் நாற்பது கையேடு, சுவரில் மாட்டப் பெரிய பெரிய படங்கள், குச்சி வைத்துப் பழக ஒரு ரப்பர் கை. இந்தக் குடும்பநல கிளினிக்கில் நர்ஸ் நான் ஒருத்திதான். ஒரே கையேட்டை நாற்பது தடவை நானே படிக்கவா?

கருத்தடைக் குச்சிப் பயிற்சிக்கு வந்துபோய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. மேல்கையில் தோலுக்கடியில் குச்சியை வைப்பது எப்படி என்று நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சாயங்காலம் நாலரைக்கு, "எடுக்கறது அடுத்த பயிற்சியில" என்று டீயும் சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அறுபத்திரண்டு பேருக்குப் போட்டுவிட்டேன். ஒன்றையும் எடுக்கத் தெரியாது. அந்த அடுத்த பயிற்சி எங்கே அண்ணி?

பக்கத்துத் தெருத் தையல்காரிக்கு ஒன்பது மாதத்துக்கு முன்னால் போட்டேன். இப்போது இரண்டு மாதமாக அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ஸ்டூலில் பிளாஸ்டிக் விரித்து உட்கார்ந்து தைக்கிறாள். எடுத்துவிடுங்கள் என்று வந்தாள். 'வேண்டாம் என்றால் எந்த நாளும் எடுத்துக்கொள்ளலாம்' என்று துண்டுப் பிரசுரத்தில் எழுதியது நீங்கள். அவளுக்குப் படித்துக் காட்டியது நான். எடுக்கத் தெரிந்த ஆஸ்பத்திரி ஆறு மணி நேரப் பஸ் பயணம். அவளை அவ்வளவு தூரம் விரட்டுவானேன் என்று, "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து பயிற்சித் தேதியைச் சொல்லுங்கள்.

அண்ணனை ரத்த அழுத்த மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஜூன் 14

அருமை நாத்தனாருக்கு,

கடைசி வரி வரை படித்தேன். உன் அண்ணனும் படித்தார். "அவ சொல்றதுல என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். உங்கள் வீட்டு ரத்தம் வேறு எப்படி இருக்கும்.

எங்கள் பட்டியலில் உன் கிளினிக்கில் நாற்பது நர்ஸ் என்று இருக்கிறது. யார் எழுதினார்களோ தெரியாது. அதைத் திருத்த நீதான் ஏழாம் எண் படிவம் அனுப்ப வேண்டும். நான் இங்கிருந்து திருத்த முடியாது. சிரிக்காதே.

எடுக்கும் பயிற்சிக்கான கோப்பு இயக்குநர் மேஜையில் இருக்கிறது. கூடிய விரைவில் தேதி வரும். அதுவரை கையேட்டில் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பார். உதிரப்போக்குக்கு என்ன மாத்திரை, எத்தனை நாள் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். தையல்காரியிடம் பக்குவமாகப் பேசு. உனக்குத்தான் வாய் இருக்கிறதே.

மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தாலும் தலையணைக்கு அடியில் வைக்கிறார் உன் அண்ணன். நீ வந்து சொன்னால்தான் கேட்பார்.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

முப்பத்தொன்றாம் பக்கம் இப்போது எனக்கு மனப்பாடம். மாத்திரை கொடுத்தேன். ஆறு நாள் நின்றது, ஏழாம் நாள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. தையல்காரி இதுவரை ஐந்து தடவை வந்துவிட்டாள். வெள்ளைத் துணி தைக்கக் கொடுத்தால் வாங்குவதில்லையாம், கறை பட்டுவிடுமோ என்ற பயம். நேற்று நோயாளிகள் நாலு பேர் பார்க்கக் கேட்டாள், "போட்டவங்க நீங்கதானே சிஸ்டர், எடுக்கறதுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" உடம்புக்குப் பழகணும்மா, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். இந்தப் பாட்டை எத்தனை நாள்தான் பாடுவது?

இன்னொரு பெட்டி வந்தது. எடுக்கும் கருவிகள் வந்துவிட்டன என்று ஆவலாகக் கத்தரியை வைத்துப் பிரித்தேன். உள்ளே மறுபடியும் ரப்பர் கை. அதுவும் இடது கை. இரண்டு இடது கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், கும்பிடக்கூட முடியாது. கூடவே ஒரு தாள்: 'பயிற்சி உங்களுக்கு எந்த அளவு பயன்பட்டது? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தருக.' அதில் மதிப்பெண் போடாமல் நான் எழுதி அனுப்பியிருப்பதை யாராவது படித்தால் எனக்கு மெமோ நிச்சயம்.

ஒன்று கேட்கிறேன், நேராகச் சொல்லுங்கள். போன வாரம் ஒரு கூட்டத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவரைப் பார்த்தேன். முதல் அட்டவணையில் எடுக்கும் பாடமும் இருந்ததாம். தலைமை அலுவலகத்தில் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார்களாம். யார் அடித்தது?

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஜூலை 20

நாத்தனாருக்கு,

நான்தான் அடித்தேன். போதுமா?

இரண்டு நாள் பயிற்சியாக இருந்தது. அவ்வளவு கிளினிக்கையும் இரண்டு நாள் பூட்டக் கூடாது, ஒரு நாளில் முடி என்று மேலிடத்தில் சொன்னார்கள். எதை விடலாம் என்று கேட்டார்கள். போடுவது நாளைக்கே பயன்படும், குச்சியின் ஆயுள் மூன்று வருஷம், எடுப்பதற்கு அவ்வளவு நாள் இருக்கிறதே என்றேன். அறையில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். இப்போது பழி மட்டும் என் தலையில்.

நீ அவசரப்பட்டுக் கத்தியைத் தொடாதே. சான்றிதழ் இல்லாமல் தொட்டு ஏதாவது ஆனால் உன் வேலை போய்விடும். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவளும் நான்தான். இதை உன் அண்ணியாகச் சொல்லவில்லை.

உன் அண்ணனுக்குத் தனியாகக் கடிதம் போடுவதை நிறுத்து. நான்கு நாளாக என்னோடு பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். அலுவலகத்திலும் வசவு, வீட்டிலும் வசவு என்றால் நான் எங்கேதான் போவது?

அண்ணி


ஆகஸ்ட் 2

அண்ணிக்கு,

தையல்காரி தானே எடுத்துக்கொண்டாள். எடுத்தாள் என்றும் சொல்ல முடியாது, பாதி வந்தது, பாதி உள்ளேயே ஒடிந்துவிட்டது. தையல் பிரிக்கும் கத்தியை வெந்நீரில் போட்டு எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று கீறியிருக்கிறாள். மூன்றாம் நாள் என்னிடம் வந்தபோது காய்ச்சல். கை முழங்கை வரை வீங்கிச் சீழ் பிடித்திருந்தது.

ஆறு மணி நேரப் பஸ்ஸில் நான்தான் கூட்டிப் போனேன். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்திருந்தாள். அங்கே டாக்டர் மிச்சத்தை எடுத்துவிட்டு, "யாரு போட்டது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "போடத் தெரிஞ்சவங்களுக்கு எடுக்கத் தெரியாதா?" என்றார். பக்கத்தில் இருந்த நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள், எனக்காக.

இரண்டு மாதத்துக்கு அந்தக் கையைத் தூக்கக் கூடாதாம். தையல் மெஷின் மேல் துணி போட்டு மூடியிருக்கிறது. விஷயம் தெருவெல்லாம் பரவி, இந்த வாரம் மட்டும் பதினோரு பேர் எடுத்துவிடச் சொல்லி வந்தார்கள். மிச்சமிருந்த குச்சிகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். எடுக்கத் தெரியும்வரை இனி ஒருத்திக்கும் போட மாட்டேன். மெமோ கொடுப்பதென்றால் கொடுங்கள்.

எனக்கு உங்கள் மேல் தாங்க முடியாத கோபம். நீங்களும் ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர்தானே. இனி பெட்டி எதுவும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
கிளினிக் நர்ஸ்


ஆகஸ்ட் 25

என் நாத்தனாருக்கு,

நீ எப்படிக் கையெழுத்துப் போட்டாலும் நான் இப்படித்தான் அழைப்பேன்.

உன் கடிதத்தைப் படித்து அன்று முழுக்க அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. போன தடவை உனக்கு எழுதியது பாதி உண்மை. மீதியை யாரிடமும் சொன்னதில்லை, உன் அண்ணனிடமும்.

நான் கிளினிக்கை விட்டு ஆபீஸுக்கு வந்தபோது இந்தக் குச்சியே வரவில்லை. கையேட்டை நான்கு புத்தகங்களைப் பார்த்துத்தான் எழுதினேன். போடுவதை ரப்பர் கையில் பழகிக்கொண்டேன். எடுப்பதை ஒருநாளும் செய்ததில்லை. இரண்டாம் நாள் வகுப்பை நான்தான் நடத்துவதாக இருந்தது. முப்பது நர்ஸ்கள் முன்னால் நின்று முழிக்க வேண்டுமே என்று உள்ளுக்குள் நடுக்கம். எதை விடலாம் என்று அவர்கள் கேட்டதும், எங்கே யோசித்தேன்? வாயில் அதுதான் வந்தது. அவமானத்துக்குப் பயந்துதான் அடித்தேன். அதற்கு விலையாக அந்தப் பெண் தன் கையைக் கொடுத்துவிட்டாள்.

மூன்று வாரமாக லீவு போட்டு, இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் காலை வெளிநோயாளிப் பிரிவில் நிற்கிறேன். சொல்லிக்கொடுக்கும் டாக்டருக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. "அழுத்தாதீங்க மேடம், முதல்ல தடவிப் பாருங்க" என்று எல்லார் முன்னாலும் திட்டுகிறாள். முதல் மூன்றை நான் எடுக்கவில்லை, அவள்தான் வாங்கி முடித்தாள். இன்றோடு இருபத்தாறு ஆகிறது. சான்றிதழ் கையில் வந்துவிட்டது. எடுக்கும் பாடத்தை நான் ஏன் அடித்தேன் என்பதை இயக்குநரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் என்ன செய்தாலும் சரி.

வரும் வியாழன் முதல் பஸ்ஸில் கருவிகளோடு வருகிறேன். அந்தப் பதினோரு பேரையும் வரச் சொல். முதலில் நான் எடுக்கிறேன், நீ பார். பிறகு நீ எடு, நான் பக்கத்தில் நிற்கிறேன். தையல்காரி வீட்டுக்கும் என்னைக் கூட்டிப் போ.

அண்ணி


செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அண்ணன் போனில் சொன்னார். உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டதாகவும் சொன்னார்.

அன்று ஒன்பது பேருக்கு எடுத்தோம். இரண்டு பேர், "எடுக்கத்தான் ஆள் இருக்கே, அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்று எழுந்து போய்விட்டார்கள். நான் எடுத்த நாலாவது குச்சி நுனி பிடிபடாமல் நழுவியபோது நீங்கள் என் கையைத் தட்டிவிடாமல் பொறுமையாக நின்றீர்களே, அதற்கு நன்றி. நேற்று நீங்கள் இல்லாமல் தனியாக ஒன்று எடுத்தேன். சரியாக வந்தது.

தையல்காரி உங்களுக்குக் கதவு திறக்கவில்லை. அத்தனை நேரம் தெருவில் நின்று, மூடிய கதவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னீர்கள். போகும்போது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. மறுநாள் கட்டு மாற்ற அவளே வந்தாள். அப்போது சொன்னாள்:

"அந்தம்மா சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சு. அவங்க எங்கேயோ இருக்கறவங்க, அவங்க மேல எனக்கென்ன கோபம்? என் எதிர்ல உட்கார்ந்திருந்தது நீங்கதான் சிஸ்டர். ஏழு தடவை வந்தேன். எனக்கு எடுக்கத் தெரியாதும்மா, அந்த ஆஸ்பத்திரிக்குப் போன்னு ஒரு தடவை சொல்லியிருந்தீங்கன்னா, அன்னிக்கே பஸ் ஏறியிருப்பேன்."

அவள் சொன்னது உண்மை அண்ணி. பயிற்சி வரவில்லை, தேதி வரவில்லை என்று உங்களுக்குத்தான் எழுதினேன். அவளிடம் ஒரு தடவைகூட எனக்குத் தெரியாது என்று சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆறு மணி நேரப் பயணம் அவளுக்குக் கஷ்டம் என்று சொல்லி என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அந்த வகுப்பை நினைத்து உங்களுக்கு இருந்த நடுக்கம்தான் எனக்கும் இருந்திருக்கிறது. அது தெரியாமல் உங்களை மூன்று கடிதத்தில் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கட்டைச் சரியாகப் போடச் சொன்னாள்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்லாமல், தப்பு அண்ணியுடையது என்றே இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முடியவில்லை.

உங்கள்
நாத்தனார்