மூடாத மைப்புட்டி

அண்ணே,

இன்று மத்தியானம் மை வில்லை ஒன்றை வெந்நீரில் கரைத்தேன். அந்த வாடை எழும்பியதுதான் தாமதம், நான் தோட்டத்து லயத்தில், என் வீட்டில் இல்லை. ரெங்கம் பட்டணத்தில், ராவுத்தர் கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில், உங்கள் மரப்பெட்டிக்கு எதிரே சாக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரைச்சல், ரயிலடிக்குப் போகிற மாட்டுவண்டி, உங்கள் வலது கையில் நீலம் ஏறிப்போன மூன்று விரல்கள், எல்லாம் அப்படியே இருந்தன. நீங்கள் மட்டும் இல்லை. நீங்கள் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள்.

நான் உங்களை அண்ணே என்றேன். நீங்களும் என்னை அண்ணே என்றீர்கள். நம்மில் யார் மூத்தவர் என்கிற வழக்கு கடைசிவரை தீரவில்லை. ஒருநாள் நான் பிறந்த வருஷத்தைக் கேட்டீர்கள். "பெரிய வெள்ளம் வந்த வருஷம்னு எங்கம்மா சொல்லும்" என்றேன். "எங்க ஊர்லயும் வெள்ளம் வந்த வருஷந்தான் நான் பொறந்தேன். அங்க வருஷா வருஷம் வெள்ளம்" என்று சொல்லிவிட்டு நீங்களே முதலில் சிரித்தீர்கள். இப்போது அந்த வழக்கை நடத்த எனக்கு எதிராளி இல்லை.

வார நாட்களில் ராவுத்தர் கடையில் அரிசியும் பருப்பும் நிறுத்துப் போடுவீர்கள். ஞாயிறு வந்தால் அதே கடை வாசலில், எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்து ஜனங்களுக்கு ஊருக்குக் கடுதாசி எழுதித் தருவீர்கள். எனக்கு எழுதத் தெரியும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவன் நான். அதை மறைத்துக்கொண்டுதான் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

என் கை ஒரு பொய்யை எழுத மறுத்தது, அதுதான் காரணம். பாக்கியத்தைக் கட்டிக்கொண்டு, கடல் தாண்டி இந்தச் சீமைக்குக் கூட்டி வரும்போது அவளைப் பெற்ற அத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒரே மகள். "மூணு வருஷத்துல திருப்பிக் கொண்டாந்து விடுறேன் அத்தை" என்று கையடித்துக் கொடுத்தேன். இரண்டாவது வருஷமே பாக்கியம் காய்ச்சலில் போய்விட்டாள். தோட்டத்து இடுகாட்டில் புதைத்துவிட்டு வந்து, அத்தைக்கு எழுதப் பேனாவை எடுத்தேன். "அத்தைக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நாலு மாதம் கழித்து அத்தையிடமிருந்து கடுதாசி வந்தது. ஏன் ஒரு சேதியும் இல்லை, என் மகள் சுகமா என்று கேட்டிருந்தாள். சுகம் என்று என் கையால் எழுதக் கூசியது. அந்தப் பாவத்தை உங்கள் கைக்குத் தள்ளிவிடலாம் என்று வந்தேன். இதை அன்றைக்கு நீங்கள் அறிந்திருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான்.

அந்த நாட்களில் நான் இருந்த இருப்பை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று அலைந்திருக்கிறேன். ரப்பர் மரத்தடியில் பால் வெட்டும் உளியோடு நிற்பேன். அந்த மரத்தை வெட்டிவிட்டேனா, இனிமேல்தான் வெட்டவேண்டுமா என்று தெரியாது. சோறு வாயில் மண்ணாக இருந்தது. கோயில் பூசாரியிடம் போனேன். செத்தவள் உன்னை விடாமல் பிடித்திருக்கிறாள் என்று வேப்பிலையால் அடித்துக் கயிறு கட்டினார். பிடித்திருந்தால் எனக்குச் சந்தோஷந்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, "ஒடம்புல ஒண்ணும் இல்லையே" என்று சிவப்பு மருந்து ஒரு புட்டி கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரன் வேறு பெண் பார்க்கவே கிளம்பிவிட்டான். எல்லோரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள். எவரும் நான் வாயைத் திறந்து முடிக்கும்வரை பொறுக்கவில்லை, அவ்வளவுதான். கடைசியாகக் கங்காணி சொன்னார்: "இப்பிடியே மரத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்னா தம்போய்க்கு அனுப்பிடுவாங்க பாத்துக்க." தம்போயில் இருக்கிற மனநோய் ஆஸ்பத்திரியின் பேரைச் சொன்னால் லயத்தில் குழந்தைகூட அழுகையை நிறுத்தும். அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

உங்களிடமும் சொல்ல வரவில்லை. "பாக்கியம் சுகம். வேலைக்குப் போய் வருகிறாள். அத்தை உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்" என்று சொன்னேன், எழுதினீர்கள். வரிசையில் என் முறைக்குக் காத்திருக்கும்போதுதான் உங்கள் சட்டத்தைக் கவனித்தேன். கடுதாசிக்குச் சொல்லிக்கொண்டே வருகிறவர்களின் குரல் ஓரிடத்தில் இறங்கும். உடனே பேனாவை நிறுத்துவீர்கள்.

"இது கடுதாசிக்கா, எனக்கா?"

பாதிப் பேர் முழிப்பார்கள். சிலர், "ஒங்களுக்கு" என்பார்கள். மைப்புட்டியின் மூடியை எடுத்து, திருகி மூடி, புட்டியைத் தள்ளி வைப்பீர்கள். மூடிய பிறகு சொன்னது தாளில் ஏறாது. ராவுத்தர் காதுக்கும் போகாது. அவர்கள் சொல்லி முடித்து மூக்கைச் சிந்திய பிறகு புட்டி திறக்கும். "மழை நல்லபடியாக இருக்கிறது" என்று கடுதாசி தொடரும். நான் வந்த மூன்று முறையும் உங்கள் புட்டி எனக்காக மூடப்படவே இல்லை. நான் குரலை இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அத்தையின் அடுத்த கடுதாசி வந்தது. நீங்கள்தான் படித்துக் காட்டினீர்கள், எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. "எழுத்து மாறியிருக்குன்னு தபால்காரர் சொல்றாரு. ஏன் நீ எழுதல? என் மகளோட பெருவிரல மையில தொட்டு ஒரு தாள்ல வச்சு அனுப்பு. அதத் தொட்டுப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன்." படித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு மை வில்லையையும் என் பக்கம் நகர்த்தினீர்கள். "கூட்டியார வேணாம். வீட்லயே வச்சு எடுத்துட்டு வாங்க" என்றீர்கள்.

அடுத்த ஞாயிறு அந்தத் தாளைக் கொண்டுவந்தேன். என் இடது பெருவிரலை வைத்திருந்தேன். பெண் பிள்ளை விரல் மாதிரி சின்னதாகத் தெரியட்டும் என்று நுனியை மட்டும் லேசாக ஒற்றியிருந்தேன். எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள். உளி நழுவி என் விரலில் குறுக்கே விழுந்த பழைய வெட்டு, ரேகை நடுவில் வெள்ளைக் கோடாக நின்றது எனக்குத் தெரியவே இல்லை. நீங்கள் தாளைப் பார்த்தீர்கள். பெட்டிமேல் ஊன்றியிருந்த என் கையைப் பார்த்தீர்கள். அந்தக் கையை எடுத்துத் திருப்பி, தாளுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். அதட்டவில்லை. மறுகையால் மைப்புட்டியை எடுத்து மூடினீர்கள்.

எனக்காக முதல் தடவை மூடினீர்கள், அண்ணே. நான் கேவிக் கேவி அழுதேன். வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து, "இன்னிக்குப் பேனா கெட்டுப்போச்சு, எல்லாரும் அடுத்த வாரம் வாங்க" என்றீர்கள். எழுத்தில் ஒரு பொய்யும் சேர்க்காத மனிதர், எனக்காக வாயால் ஒன்று சொன்னீர்கள்.

அன்று அரைகுறையாகத்தான் சொன்னேன். முடித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. "அண்ணே, இதுக்கெல்லாம் தம்போய்க்கு அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டேன். நீங்கள் வெற்றிலையை மடித்தபடி, "நான் அங்க எட்டு மாசம் இருந்தேன்" என்றீர்கள், பக்கத்து ஊர் குளுவாங்குக்குப் போய் வந்ததைச் சொல்கிற குரலில். "கஞ்சி நல்லா இருக்கும். கொசுதான் ஜாஸ்தி." பிறகு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, "பக்கத்துக் கட்டில்ல ஒரு பொந்தியான்காரரு இருந்தாரு. நான் பேசுறத முழுசாக் கேப்பாரு. புத்தி சொல்ல மாட்டாரு. அவராலதான் நான் எந்திரிச்சு நடந்தேன்" என்றீர்கள். அதற்குமேல் உங்களைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது இப்போது ஒவ்வொரு ஞாயிறும் உறைக்கிறது.

அதன்பின் ஏழெட்டு மாதம், ஞாயிறு தவறாமல், கூட்டம் கலைந்த பிறகு எனக்கென்று ஒரு பொழுது ஒதுக்கினீர்கள். ராவுத்தர் கடைப் பலகைகளைச் சாத்தத் தொடங்கும்வரை என் நேரம். சில வாரம் பாக்கியம் எப்படிச் சிரிப்பாள் என்பதோடு முடிந்துவிடும். சில வாரம் ஒன்றுமே பேசாமல் இரண்டு பேரும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பிரிவோம். ஒரு தடவைகூட நீங்கள் மறந்துவிடு என்று சொல்லவில்லை. நடந்து திரும்பும்போது பசிக்கும். எனக்குப் பசி திரும்பிய வழி அந்த ரெங்கம் சாலைதான்.

ஒன்றை மட்டும் நெடுநாள் சொல்லாமலே வைத்திருந்தேன். பிறகு ஒரு ஞாயிறு, மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, அதுவும் வந்துவிட்டது. பாக்கியத்துக்குக் காய்ச்சல் கண்ட காலையில் அவள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். விடியுமுன் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுக்காவிட்டால் கங்காணி வாயில் விழவேண்டுமே என்று நான் கடுகடுத்தேன். "எந்திரி, வந்து பேரு குடு. அப்பறம் வந்து படுத்துக்க" என்றேன். பேர் கொடுத்தவளைப் பால் வெட்ட மரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள். நான்தான் அவளை எழுப்பினேன், அண்ணே.

இல்லை, உன் குற்றமில்லை என்று நீங்கள் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் எழுந்து போய்விடுவது என்றும் இருந்தேன். நீங்கள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டீர்கள்:

"எழுப்புனப்ப அவங்க என்ன சொன்னாங்க?"

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டதில்லை. "தலைத்துண்ட எடுத்துக் கட்டிக்கிட்டு, 'கத்தாத, வா போலாம்'னு சொல்லி என் கையப் புடிச்சா. நிக்க முடியாம என் கையப் புடிச்சுக்கிட்டேதான் பெரட்டுக்கு வந்தா" என்றேன். சொல்லும்போதே அந்தச் சூடு என் உள்ளங்கையில் ஏறியது. ஒன்றரை வருஷமாக அவளுடைய சாவு மட்டுந்தான் என்னிடம் இருந்தது. அன்று அவள் கை திரும்ப வந்தது.

நீங்கள் புட்டியைத் திறந்து, பேனாவை என் பக்கம் நீட்டினீர்கள். "இத நீங்கதான் எழுதணும்."

"எனக்குத் தெரியாதுன்னு..."

"அண்ணே, மொத நாள்லேர்ந்து ஒங்க கண்ணு என் பேனா கூடவே வருது. படிக்கத் தெரியாதவங்க என் மூஞ்சியப் பாப்பாங்க."

அன்றே அத்தைக்கு எழுதினேன், பெரட்டு உட்பட எல்லாவற்றையும். நீங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது கடுதாசிக்கு உரியது, உங்களுக்கு உரியது அல்ல.

பதில் வருமுன் உங்களைப் பிடித்திருந்த இருமல் முந்திக்கொண்டது. ஒரு ஞாயிறு வந்தேன். அஞ்சடி காலியாகக் கிடந்தது. ராவுத்தர் வெளியே வந்து, "நேத்தே அடக்கம் பண்ணியாச்சு. ஒங்க தோட்டத்துக்கு ஆள் அனுப்ப வழியில்ல" என்றார். மரப்பெட்டியைக் கையில் கொடுத்து, "ஒங்களுக்குன்னுதான் சொல்லிட்டுப் போனாரு" என்றார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் வைத்தேன். திறக்கவில்லை. இந்த நாற்பத்தொரு நாளில் உங்களிடம் சொல்லவேண்டியது எவ்வளவோ சேர்ந்துவிட்டது. நீங்கள் செத்த துக்கத்தைச் சொல்லவும் உங்களிடம்தான் வரவேண்டியிருக்கிறது. வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை அத்தையின் பதில் வந்தது. நானே படித்தேன்.

"எழுத்து மாறுன அன்னிக்கே என் வயிறு சொல்லிருச்சு. கேக்கப் பயந்துதான் விரல் ரேகை கேட்டேன். அது வரலைன்னதும் அழுது தீத்துட்டேன். நீ ஏன் எழுப்புனேன்னு நான் கேக்கல. இப்ப ஒண்ணு அனுப்பு. ஒன் கைரேகைய வச்சு அனுப்பு. கடைசியா அவ புடிச்ச கை அதுதானே. அதத் தொட்டுக்கிறேன்."

பதில் எழுத மை வேண்டும் என்றுதான் உங்கள் பெட்டியைத் திறந்தேன். வில்லைகளுக்கு அடியில் அந்தப் பழைய தாள் இருந்தது, என் பொய் விரல் பதிந்த தாள். கிழித்துப் போட்டிருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். நன்றாக மடித்து வைத்திருக்கிறீர்கள். மூலையில் உங்கள் எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: "எனக்கு."

அதனால் அதை நான் அனுப்பவில்லை. உங்கள் மையில் உள்ளங்கை முழுவதையும் தோய்த்து, புதுத் தாளில் அழுத்தி வைத்தேன். வெட்டுத் தழும்பும் சேர்ந்துதான் விழுந்திருக்கிறது, விழட்டும். அது காய்ந்துகொண்டிருக்கிறது. நாளைத் தபாலில் போகும். உங்கள் தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது.

உங்களுக்குச் சொல்வதென்றால் புட்டியை மூடவேண்டும், அது உங்கள் சட்டம். மூடிவிட்டால் எனக்கு உங்களோடு பேச வேறு வழியில்லை. அதனால் இந்த ஒரு தடவை மூடியைத் தள்ளி வைத்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், அண்ணே. ஊதினாலும் மை காய நேரமாகிறது. இது கடுதாசிக்கு இல்லை.