காற்று தின்ற சத்தம்

ஜூலை 4

என் அருமைப் பல்லு,

நலம்தானே? எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறதே என்று சிரிக்காதே. திரையைப் பார்த்தால் கண் கூசுகிறது, தடிப் பேனாதான் கதி. மீதியிருக்கும் வலது கண்ணும் வருஷக் கடைசிக்குள் போய்விடும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்கவில்லை, நல்ல மனுஷன்.

கிளப்பில் நம் அலமாரிக் கதவில் ஒரு படம் ஒட்டினோமே, வெளிநாட்டு மலை மேல் கோல்ஃப் மைதானம். ஒன்பதாவது குழிக்கு மலை விளிம்பில் நின்று அடிக்க வேண்டும். பந்து கீழே ஏரிப் பக்கம் போய் விழ எட்டு வினாடி ஆகுமாம். கண் போவதற்குள் அந்த எட்டு வினாடியைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். செப்டம்பர் இருபதுக்கு இருவருக்கும் இடம் கேட்டிருக்கிறேன். அக்டோபரில் பனி விழுந்தால் மூடிவிடுவார்கள். பார்வை குறைந்தவனோடு ஆட்டம் தெரிந்த துணை ஒருவர் வர வேண்டும் என்பது அவர்கள் விதி. என்ன சொல்கிறாய்?

உன்
அளவுக்காரன்
(நிலம் அளக்கும் வேலை போனாலும் நீ வைத்த பெயர் போகவில்லை)

ஜூலை 16

அன்புள்ள அளவுக்காரனுக்கு,

கடிதம் கண்டதிலிருந்து மனசே சரியில்லை. ஆனால் செப்டம்பரில் எப்படியடா? கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் பெண் கல்யாணத்துக்கு விடுப்பு கேட்கிறாள். எனக்கு முழங்கால் வேறு மக்கர் பண்ணுகிறது. உன் மைத்துனனைக் கூட்டிப் போயேன், அவனும் ஆடுகிறவன்தானே. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்
பல்லு

ஜூலை 25

பல்லு,

மைத்துனன் பந்தைப் பார்க்க மாட்டான், போனைப் பார்ப்பான். முழங்காலுக்கு அங்கே வண்டி உண்டு. உன் பல்வலிக்காரர்கள் ஒரு வாரம் கிராம்பைக் கடித்துக்கொண்டு இருக்கட்டும்.

குழாய் வழியே பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது எனக்கு. நேற்று காபி கப் எங்கே என்று மேஜை முழுக்கத் தடவினேன். உன் காலில் விழுகிறேன், வாடா. நான் யாரிடமும் கெஞ்சினவன் இல்லை.

நீ ஏன் இழுக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக என் இடது கண்ணைச் சுமக்கிறாய். உன் பந்துதான் பட்டது, சரி. "பந்து வருது"ன்னு நீ கத்தத்தான் செய்தாய், எதிர்க்காற்று தின்றுவிட்டது. இதில் உன் தப்பு எங்கே இருக்கிறது?

அளவுக்காரன்

ஆகஸ்ட் 8

அன்புள்ள அளவுக்காரனுக்கு,

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணும் விடுப்பில் போகவில்லை.

நான் அன்று கத்தவில்லை. பந்து உன் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். கத்தினால் என் அடி கோணல் என்று பின்னால் நின்ற நாலு பேருக்கும் தெரிந்துவிடும். உன்னைத் தாண்டிப் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியில் நீ கேட்டபோது, கத்தினேன், காற்று என்றேன். நீ என் கையைத் தட்டிக் கொடுத்தாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வேன்?

பந்து எங்கே என்று நான் சொல்ல, அதை நீ நம்ப, அந்த மலையில் அப்படி நிற்க என்னால் முடியாதடா. மன்னித்துவிடு என்று கேட்கவும் வாய் வரவில்லை.

பல்லு

ஆகஸ்ட் 21

பல் மருத்துவர் அவர்களுக்கு,

உங்களுடையது பொடி எழுத்து. என் மனைவிதான் உரக்கப் படித்தாள். இரண்டாவது பத்தியில் நிறுத்திவிட்டாள். மேலே படி என்றேன். முடித்துவிட்டு, "இந்த ஆளோட போக வேண்டாங்க" என்றாள்.

பத்து நாள் வேறு ஆள் தேடினேன். மைத்துனன் கைவிரித்துவிட்டான். கிளப்பில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. இதற்குள் குழாய் இன்னும் சுருங்கிவிட்டது. ரோஷம் பார்க்க எனக்கு நேரம் இல்லை.

துணைக்கு வருபவருக்கான மைதானப் படிவம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். விமானத்தில் என் பக்கத்தில் உட்கார வேண்டாம். ஒன்பதாவது குழியில் மட்டும் அருகில் நின்று, பந்து விழும்வரை, அது எங்கே போகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். திரும்பி வந்தபின் கடிதம் எழுத வேண்டாம். இன்னொரு முறை அவளைப் படிக்கச் சொல்ல மாட்டேன்.

நீங்களும் ஆடலாம். ஆனால் அடிக்கும்போது கத்துங்கள். எதிரே யாரும் இல்லாவிட்டாலும் கத்துங்கள். எனக்குக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
நில அளவையாளர் (ஓய்வு)