பற்றிக்கின்ர அம்மா

14.11.2009, சனி. ஆர்ச்வே.

பக்கத்து வீட்டு ஐரிஷ்காரர் பற்றிக் எண்டவருக்குக் கண் தெரியாது. அவற்ர ஊர்ப் பழைய போஸ்ட்கார்டுகளைப் பார்த்து விளங்கப்படுத்துறது நான்தான். என்னைப்போல வர்ணிக்க லண்டனிலேயே ஆளில்லை. வெறுந்தெருவிலயும் தேர் இழுத்துக் காட்டுவன்.

இண்டைக்கு ஒரு கடைவீதிக் கார்டை நீட்டினார். "சிவா, கடை வாசலில அம்மா நிக்கிறாவோ பார். அவவின்ர படம் ஒண்டும் எங்களிட்ட இல்லை."

"நிக்கிறா! இடுப்பில குடம், முகம் நிறையச் சிரிப்பு" எண்டு அள்ளிவிட்டன்.

மனுசன் கார்டைக் கொஞ்சிக் கொஞ்சி அழுதார். "நாளைக்கு மகள் வாறாள். அப்பம்மாவைக் கண்டதேயில்லை. நீதான் காட்டவேணும்" எண்டு கார்டை என்னட்டயே தந்துவிட்டார்.

பூதக்கண்ணாடி வைச்சும் பார்த்திட்டன். ஒரு கழுதை வண்டி, மூடின கதவு. சனமே இல்லை.

கனநேரம் பார்த்தால் கதவு கொஞ்சம் திறந்திருக்கிற மாதிரித்தான் கிடக்கு.