உன் குரல் உள்ள ஒரே வீடியோ

இன்று காலை எழுந்ததும் காப்பிக்குக்கூடப் போகாமல், நாம் வீடியோ எடுத்த பழைய போனை அலமாரியிலிருந்து எடுத்துச் சார்ஜில் போட்டேன். நீ போன பிறகு அதை நான் தொடவில்லை. பின்பக்கத்தில் உன் அடுப்படியின் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருக்கிறது. திரையில் வெளிச்சம் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

காரணம் உன் மகள். நேற்று பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். அவளுடைய போன் ஹாஸ்டலில் திருட்டுப் போய்விட்டதாம். நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அதோடு போயிற்று. "மாமி, உங்க சமையல் சேனல்ல ஒரு வீடியோலயாவது அம்மா சப்தம் இருக்கோ? நான் எல்லாத்தையும் பாத்துட்டேன். கை மட்டும்தான் வரது" என்றாள். தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். தேட வேண்டியதே இல்லை. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முதல் வீடியோவில் நீதான் பேசினாய். கரமனையில் உன் வீட்டு அடுப்படியில் நீ தேங்காய் அரைத்துவிட்டு மொளகூட்டல் செய்ய, நான் ஸ்டூலில் ஏறி நின்று போனைப் பிடித்திருந்தேன். பரங்கிக்காயை மத்தன் என்றாய். வாக்கியத்துக்கு ஒரு 'கேட்டேளா' போட்டாய். இது எந்த ஊர்த் தமிழ், அக்கா பேசாமல் மலையாளத்திலேயே சொல்லிவிடலாமே என்று கமெண்டில் சிரித்துத் தள்ளியிருந்தார்கள். நீ பள்ளியில் படித்தது மலையாளம். தமிழை நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். சொன்னேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ கிளறினாய். "திருநெல்வேலி காலேஜ்ல படிச்சவ நீ இருக்கச்சே நான் எதுக்குடி பேசணும்? நீ சப்தம் தா. நான் கை தரேன்."

அந்த வீடியோவைச் சேனலிலிருந்து நீக்கிவிட்டோம். அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. நீ வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சமைப்பாய். சாயங்காலம் நான் உன் பேச்சு முழுவதையும் நீக்கிவிட்டு, வெளிச் சத்தம் கேட்காமலிருக்கப் போர்வை அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, அதையே என் தமிழில் பேசிச் சேர்ப்பேன். போனில் இடம் கிடையாது. சேனலில் ஏற்றியதும் அசலை அழித்துவிடுவோம். பார்ப்பவர்களுக்கு நாம் இருவரும் ஒரே அக்கா. உங்கள் குரலும் கைப்பக்குவமும் ஒன்றுபோல இருக்கின்றன என்று யாரோ எழுதியதற்கு நாம் சிரித்த சிரிப்பில், பக்கத்து வீட்டு மாமி சுவரைத் தட்டினாள்.

பிறகு நீ கீமோவுக்குப் போய்வரத் தொடங்கினாய். நகங்கள் கறுத்தன. நகத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு சமையுங்கள் என்று ஒரு கமெண்ட் வந்தது. வாசிக்காமல் தாண்டப் பார்த்தேன். "என்னத்தையோ முழுங்கறயே, வாசி" என்றாய். வாசித்தேன். காரசாரமாகப் பதில் எழுத உட்கார்ந்த என்னிடமிருந்து போனை வாங்கி வைத்தாய். "விடு. அதுக்கென்ன தெரியும், பாவம்." மறுநாள் விரல் நுனியெல்லாம் மஞ்சளை அரைத்துத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றாய். நம் வீடியோக்களில் இன்றும் அதிகம் பேர் பார்ப்பது அதைத்தான்.

கடைசியாக எடுத்ததை நாம் ஏற்றவில்லை. கத்தி உன் கையில் நிற்கவில்லை. நான் நிறுத்தப் போனேன். "ஓடட்டும்" என்றாய். வெட்டாத காயைப் பார்த்துக்கொண்டே, இனி மருந்து கேட்காது என்று டாக்டர் சொன்னதையும், மகளிடம் அதைச் சொல்லப் போவதில்லை என்பதையும் சொன்னாய். "பரீட்சையை விட்டுட்டு ஓடி வந்துடுவா. முடியட்டும்." அப்புறம், "பயமா இருக்குடி" என்றாய். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எழுந்து போகும்போது, "இதை அழிச்சுடு" என்றாய். சரி என்றேன். என்னால் முடியவில்லை.

பரீட்சை முடிந்து அவள் வந்தபோது நீ குழாய்களோடு கிடந்தாய். உன்னால் பேச முடியவில்லை; நானும் அவளிடம் எதையும் சொல்லவில்லை. எல்லாம் திடீரென்று நடந்துவிட்டது என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

போன் திறந்தது. வீடியோ இருக்கிறது. அவள் கேட்கக்கூடாததை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். எனக்குக் கைவந்த வேலைதானே. நீக்கிப் பார்த்தேன். காய் கெட்டியாக இருக்கிறது என்று நீ சொல்வதும் ஓர் இருமலும் மிஞ்சின. ஒரு மகளுக்கு அதையா கொடுப்பது?

முழுவதையும் கொடுக்கப் போகிறேன். நீ கோபித்துக்கொள். வாட்ஸாப்பில் அனுப்பமாட்டேன், தனியாக உட்கார்ந்து அவள் அதைக் கேட்கக்கூடாது. வெள்ளிக்கிழமை ரயிலேறிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுவேன். வீட்டில் இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. கடைசி நாட்களில் அம்மாவோடு இருக்கவிடாமல் செய்துவிட்டீர்களே என்று அவள் கத்துவாள். உன்னிடம் அவளால் கத்த முடியாது. அதற்கு நான் இருக்க வேண்டும்.