மாமாவிடம் இருபது கேள்விகள்

நவம்பர் 10, திங்கள். திருப்பதி

தூறல். ஹாஸ்டல் கொடியில் துணி மூன்றாம் நாளாகக் காயவில்லை.

மானுடவியல் வகுப்பு. அவரவர் குடும்பத்தின் உறவு வரைபடம். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு. மளமளவென்று போட்டுக் கொடுத்தேன். சார் தாளைத் தூக்கிப் பார்த்து, உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று தெலுங்கில் கேட்டார். எட்டிப் பார்த்தால், எனக்கும் அம்மாவின் தம்பிக்கும் நடுவில் இரட்டைக் கோடு. போட்டது என் கைதான்! நிச்சயம்கூட ஆகவில்லை. பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்கிற பேச்சு, கைக்கும் பழகிவிட்டது போல.

வகுப்பே சிரித்தது. நானும். உள்ளுக்குள் எரிச்சல், என் மேலேயே.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. மெஸ்ஸில் உப்புமா. ரூம்மேட் ஸ்ராவணி தன் பங்கையும் என் தட்டில் தள்ளிவிட்டு ஓடிவிட்டாள்.

மதியம் பாலினக் கல்வி. மேடம்: அந்த இரட்டைக் கோட்டை யார் போடுகிறார்கள் என்று கேளுங்கள். காலையில் சார்: கேட்டதை எழுது, நியாயம் பேசாதே. நடுவில் என் மண்டை.

இரண்டு பாடத்துக்கும் சேர்த்து ஒரே பேட்டி போதுமாம். தலைப்பு: கல்யாணத்தை முடிவு செய்வது யார்? இருபது கேள்விகள் தயார். ஆளும் தயார். மாமாதான்.

அம்மா போன். "தையில நிச்சயம் வெச்சிக்கலாம்டி." ம் என்றேன். மாமா நல்ல மனிதர். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. கட்டிக்கொள்ள மட்டும் எனக்கு மனசில்லை. இதை எழுதுவதே இன்றுதான் முதல் தடவை.

வாங்க வேண்டியது: பேனா, வெள்ளைத்தாள், அம்மாவுக்கு முட்டிவலித் தைலம்.

நவம்பர் 15, சனி. நகரி

ஊருக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். தைலம் மறந்துபோச்சு.

மாமா வீட்டில் விசைத்தறிச் சத்தம். நான் நுழைந்ததும் நின்றது. "உனுக்காக நாலு தறியும் நிறுத்திட்டேன். சீக்கிரம் கேளு. அப்பறம் துன்னுட்டுப் போ."

விதிப்படி முதலில் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டினேன். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். நடுவில் நிறுத்திக்கொள்ளலாம். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

"பரவால்லியே. இப்டி எங்க கேக்கறாங்க?"

ஏழாவது கேள்வி: கல்யாணம் பேசும்போது உங்களைக் கேட்டார்களா?

"என்ன யாரு கேட்டாங்க? நீ பொறந்தன்னிக்கே அக்கா சொல்லிடுச்சி. அப்ப எனுக்குப் பன்னண்டு வயசு. அன்னிலேந்து காத்துக்கினு கீறேன்." என்னைப் பார்த்து, "எனுக்கு இஷ்டந்தான். உன்ன யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல மாமா."

"அப்ப நான் கேக்கறேன். உனுக்கு இஷ்டமா?"

பேட்டி எடுப்பவர் தன் கருத்தைச் சொல்லக்கூடாது. அதுவும் விதிதான். சொல்லிவிட்டேன்.

"இல்ல மாமா."

தறியில் அறுந்துகிடந்த இழை ஒன்றை முடிச்சுப் போட்டார். ரொம்ப நேரம்.

"மிச்சம் எத்தினி?"

"பதிமூணு."

"கேளு."

அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பதிமூன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கையெழுத்தும் போட்டார். "அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத." தறிகளை ஓடவிட்டார். சாப்பிடாமல் வந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு. திருப்பதி

மழை பிடித்துக்கொண்டது.

மாமா நேற்று ராத்திரியே, நான் தூங்கின பிறகு வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாராம். தனக்கு இஷ்டம் இல்லை என்று! காலையில் அம்மா தம்பியைத் திட்டிக்கொண்டே எனக்கு இட்லி வைத்தாள். நைனா மட்டும், "நீ படிப்ப முடி மொதல்ல." உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் வழி முழுக்க அழுகை. நிம்மதியும்தான், பொய் சொல்வானேன்.

பேட்டியை நாளை கொடுக்க வேண்டும். ஆள் தெரியாமல் இருக்க மாற்றுப் பெயர் வைப்பது வழக்கம். சேகர் என்று எழுதி அடித்தேன். ரவி, அடித்தேன். பாபு. அதையும் அடித்தேன். மாமா என்பதைத் தவிர அவரை நான் வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.