கோழிச் சீம்பால்

1958 மார்ச் 8, சனி

இன்று சிங்கம்புணரி வண்டிக்குக் குரல் கொடுக்கும்போது ஒரு பல் விழுந்துவிட்டது. விழுந்தது தெரியாமல் அடுத்த ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லி முடித்தேன். பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் வேலை பார்க்கிறவனுக்கு வாய்தான் மூலதனம். அதில் இப்போது மேலே இரண்டு, கீழே மூன்று. மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒன்றையொன்று சந்தித்துப் பல மாதம் ஆகிறது.

காலையில் சொர்ணம் வழக்கம்போல் கண்ணாடிக் குழாயில் கம்பவுண்டர் ரத்தினவேல் கொடுத்த நீல மருந்தை ஊற்றி, என் சிறுநீர் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினாள். நீலமாகவே இருந்தால் நான் நல்ல மனிதன். பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள் என்றால் திருடன். செங்கல் நிறம் வந்தால் ஆஸ்பத்திரி. இன்று மஞ்சள்.

"என்னப்பா தின்னீங்க?"

"ஒண்ணுந் திங்கலைத்தா."

"கொழாய் பொய் சொல்லுமா?"

தின்றது கருப்பட்டி. அடைக்கப்பன் மளிகைக் கடையில் ஒரு சில்லு. டாக்டர் சீனி கூடாது என்றார், வெல்லம் கூடாது என்றார். கருப்பட்டி என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அட்டவணையில் இல்லாத வண்டியை நான் எப்படி நிறுத்துவது? இதைச் சொன்னேன். மகள் சிரிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

சோறு தின்று முடித்ததும் நாக்கில் ஒரு இனிப்பு வைக்காவிட்டால் எனக்குச் சாப்பிட்ட கணக்கே இல்லை. சிறு வயதுப் பழக்கம். இப்போது என் நிலைமையைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு. மெத்தென்று இருக்கிற அல்வா, கேசரி எல்லாம் சர்க்கரை. வறுத்த கடலை தின்னலாம் என்கிறார் டாக்டர், அதைக் கடிக்க வேறு ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

முந்தாநாள் சொர்ணம் கேப்பை மாவில் புட்டு அவித்து, இனிப்புக்குச் சாக்கரின் வில்லையைக் கரைத்துத் தெளித்தாள். மெதுவாகத்தான் இருந்தது. இரண்டு கிண்ணம் இறங்கியது. மறுநாள் குழாய் மஞ்சளையும் தாண்டிவிட்டது. ரத்தினவேலிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "கேப்பையும் மாவுதானாம்ப்பா. அளவாத் திங்கணுமாம்." எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. அசோகர் மரம் நட்டதைப் படிப்பதா, அப்பன் மாவு தின்றதைப் பார்ப்பதா?

மார்ச் 20

நீலம். குடித்தது மோர். இதற்குப் பெயர் வாழ்க்கையா?

மார்ச் 27, வியாழன்

அடுத்த வீட்டுப் பிச்சையம்மாளின் பசு நேற்றுக் கன்று ஈன்றது! சீம்பாலில் வெல்லம் தட்டிப் போடுவதற்கு முன்னாலேயே சொர்ணம் ஓடிப்போய், "அக்கா, எங்க அப்பாவுக்கு மட்டும் வெறும் பாலாக் குடுங்க" என்று ஒரு செம்பு வாங்கி வந்துவிட்டாள். இட்லிச் சட்டியில் வைத்து அவித்தாள். தன்னாலே இறுகிக் கட்டியாயிற்று. ஏலக்காய் தட்டிப் போட்டு, ஆறின பிறகு சாக்கரினைத் துளிப் பாலில் கரைத்து மேலே ஊற்றினாள். அடுப்பில் காய்ந்தால் அது கசக்குமாம்.

பல் எதற்கு? நாக்கை மேலே தூக்கினால் அண்ணத்தில் பட்டுக் கரைகிறது. அவள் ஆத்தா செவந்தி போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் நான் இப்படிச் சப்புக்கொட்டியது இல்லை.

காலையில் குழாய் லேசான பச்சை. பஸ் ஸ்டாண்டில் இரண்டு கண்டக்டர்களிடம் சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

பிச்சையம்மாளின் செம்பைத் திருப்பும்போது சொர்ணம் வெறுமனே கொடுக்கக் கூடாது என்று முருங்கைக்காயைப் போட்டுக் கொடுத்தாள். எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

சீம்பாலை யாரும் விலைக்குக் கொடுப்பதில்லை. அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதுதான் வழக்கம். ஆகவே சினைமாடு வைத்திருக்கிறவர்களோடு சிநேகம் பிடிக்க வேண்டியிருக்கிறது. காரையூர் வண்டிக் கண்டக்டர் இறங்கியதும் இறங்காததுமாக, "அண்ணே, அழகுமலை வீட்டு மாடு நெறைமாசம்" என்கிறான். ஒருவர் என்னை மாட்டுத் தரகன் என்று நினைத்து விலை கேட்டுவிட்டார். கௌரவமான டைம்கீப்பர்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பரீட்சை முடிந்ததிலிருந்து சொர்ணத்துக்கு அடுப்படியே பள்ளிக்கூடம். மாடு ஈனுகிற வரை காத்திருக்க முடியாது என்று, கோழிமுட்டையைச் சாதாரணப் பாலில் அடித்துக் கலந்து, துணியில் வடித்து, சீம்பால் மாதிரியே அவித்துப் பார்த்தாள். முதல் தடவை முட்டை வாடை போகவே இல்லை. அடுத்தது தீ அதிகமாகிக் கறையான் புற்று போல் ஓட்டை ஓட்டையாக வந்தது. இரண்டையும் நான்தான் தின்றேன். இன்று புது வருஷம் பிறந்த மறுநாள், சரியாக வந்துவிட்டது. கிண்ணத்தை ஆட்டினால் ஆடுகிறது, உடையவில்லை.

அந்த நேரம் பார்த்து அடைக்கப்பன் வந்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னைக் கேலி பண்ணுவதே அவனுக்குத் தொழில். மளிகைக் கடை அதற்குப் பிறகு வந்ததுதான்.

"சீம்பாலா? எந்த மாடு?"

"கோழி, செட்டியாரய்யா" என்றாள் சொர்ணம்.

"அடி ஆத்தாடி! கோழி எப்பத்தா கன்னு போட்டுச்சு?"

"மொதல்ல தின்னு பாருங்க. பெறகு பேசுங்க."

இரண்டு கிண்ணம் தின்றான். ஒரு செம்புத் தண்ணீரும் குடித்தான். "கோழிச் சீம்பால்னு போர்டு போட்டு வித்தா, என் கடையை மூடிட்டு இங்கிட்டே வந்து ஒக்காந்துருவேன்" என்றான். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

ஜூன் 5, வியாழன்

சொர்ணம் பாஸ்! திருமயம் வண்டி புறப்படுகிறது என்று கத்தினேன், அதே மூச்சில் என் மகள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்றும் கத்தினேன். உள்ளே இருந்த ஒருவர், "அந்த ஊர் எங்க இருக்கு?" என்றார். இருக்கிற ஐந்து பல்லும் தெரியச் சிரித்தேன். எட்டாவதோடு நின்றவன் மகள்.

ஜூன் 14, சனி

திருச்சியில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டல். இரண்டு வருஷம். தபாலைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். "நான் போகலைப்பா" என்றாள்.

ஏன் என்று கேட்கத் தேவையில்லை. போன வருஷம் என் காலில் வந்த புண் ஆற எத்தனை மாதம் ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும். கட்டுப் போட்டது அவள்தான். இன்னொரு தடவை வந்தால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்றதும் அவள்தான்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. "எனக்காக நீ ஒண்ணும் கெட்டுப்போக வேணாம்! எங்கிட்டாவது போய்ப் படி! நான் செத்தாலும் சாகுறேன்" — இந்த மாதிரி. பல் இல்லாதவன் கோபப்பட்டால் அது கோபமாகவும் இல்லை.

அவள் கத்தவே இல்லை. "நான் போனா நீங்க கருப்பட்டிச் சில்லுலயே குடும்பம் நடத்துவீங்க. சரி, நீங்களே செஞ்சு தின்னு காட்டுங்க. செவ்வாயிலேருந்து ஒரு வாரம் குழாய் மஞ்சளுக்குப் போகக் கூடாது. நான் பெட்டி கட்டுறேன்."

அடுப்பு எந்தப் பக்கம் எரியும் என்றே எனக்குத் தெரியாது. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

முட்டை உடைப்பது ஒரு வித்தை. நான் உடைத்ததில் பாதி என் வேட்டியில். மிச்சத்தில் ஓடு. புகையில் கண் திறக்க முடியவில்லை. இட்லிச் சட்டியில் தண்ணீர் வற்றியது தெரியாமல் ஊதாங்குழலை ஊதிக்கொண்டே இருந்தேன். அடிப்பிடித்த வாடைக்குப் பிச்சையம்மாள் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"சமையல்."

"வீட்டுக்குத் தீ வச்சுட்டாகளோன்னு நெனைச்சேன்."

சொர்ணம் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வரவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். அவளுக்குப் பல் இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

வந்துவிட்டது! சட்டி மூடிக்குக் கீழே துணி கட்டினால் ஆவித்தண்ணீர் சொட்டாது. விறகை வெளியே இழுத்துத் தணலில் வைத்தால் ஓட்டை விழாது. இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன். சொர்ணம் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "ஏலக்காய் சாஸ்தி" என்றாள். எனக்கு அது மெடல்.

ஜூன் 23, திங்கள்

மாம்பழம். பிச்சையம்மாள் வீட்டு மரம். ஒன்றுதான். சிறியது. யார் கண்டுபிடித்தார்கள் இந்த மாதத்தை?

ஜூன் 23, திங்கள்

நாளைதான் கடைசிச் சோதனை. மாம்பழம் வயிற்றில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கிறது. நாளைக் காலையில் குழாய் மஞ்சள் காட்டினால் பிள்ளையின் படிப்பு போச்சு. ஒரு மாம்பழத்துக்காகவா?

ஒரு யோசனை செய்தேன். மருந்து பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு அடைக்கப்பன் கடைக்குப் போனேன். விஷயத்தைக் காதில் சொன்னேன். கடையே அதிரச் சிரித்தான்.

"ஆண்டியப்பா, அம்பது வருஷமா ஒன்னைப் பாக்குறேன். இப்படி ஒண்ணை எவனும் எங்கிட்ட கேட்டதில்லைடா."

"காலையில வந்து வாங்கிக்கிறேன். நீ நோய்நொடி இல்லாத ஆளு."

"எரும மாடு மாதிரி இருக்கேன். நீலத்துக்கு மேல நீலமாக் காட்டும் பாரு."

ஜூன் 24, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தேன். சொர்ணம் காய்ச்சினாள். பச்சை வந்தது. மஞ்சள் வந்தது. நிற்கவில்லை. செங்கல். சுட்ட செங்கல் மாதிரி அடியில் படிந்தது.

குழாயைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். சத்தமில்லாமல் கண்ணீர் வழிகிறது. "இம்புட்டு ஏறியிருக்கேப்பா... நான் போகலை. எங்கயும் போகலை. கேக்காதீங்க."

ஐயோ, என்ன செய்துவிட்டேன். "அது என்னது இல்லைத்தா" என்றேன். புரியவில்லை அவளுக்கு. "அடைக்கப்பனோடது. மாம்பழம் தின்னுட்டேன். பயந்துட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணைத் துடைத்தாள். குழாயை மறுபடி பார்த்தாள். எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன், என் காலில் ஓடுகிற வேகத்தில்.

அடைக்கப்பன் கடையில் பொட்டுக்கடலையும் சீனியும் கலந்து தின்றுகொண்டிருந்தான். அவன் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கினாள். "செட்டியாரய்யா, எந்திரிங்க. கம்பவுண்டர்ட்ட போகணும்."

"ஏத்தா, நீலம் வரலியா?"

சொர்ணம் கடைக் கதவை இழுத்துச் சாத்தினாள். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. ஆறு மாதமாகத் தாகம், உடம்பு இளைப்பு, வெயில்தான் காரணம் என்று நினைத்தானாம். டாக்டர் பார்த்தார், அவனுக்கும் சர்க்கரை. இப்போதே பார்த்தது நல்லதாயிற்று என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என்னுடையதைக் காய்ச்சினாள். பச்சை. மாம்பழத்தையும் சேர்த்து வெறும் பச்சை! இந்தக் கூத்தே தேவைப்பட்டிருக்காது. நான் ஒரு முழு மடையன்.

ஜூன் 25, புதன்

நேற்று ராத்திரி எனக்குச் சோற்றை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். இன்று காலையில் அடுக்களையிலிருந்து, "இன்னையிலிருந்து ரெண்டு கிண்ணம் வைங்க" என்றாள்.

"எனக்கு ஒண்ணு போதுமேத்தா."

"செட்டியாரய்யாவுக்கு யாரு செய்வா? அவுக வீட்டு ஆச்சி கண்டனூர்ல மக வீட்டுல இருக்காக. இங்கிட்டு அவுக தனியா ஒக்காந்து சீனியைத் தின்னுக்கிட்டிருப்பாக. நீங்கதான் பாக்கணும். நீங்க ஏமாத்துனா அவுகளும் ஏமாத்துவாக, பாத்துக்கங்க."

பிறகு பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

நான் உள்ளே போய் முட்டையை உடைத்தேன். ஓடு விழவில்லை.

ஜூலை 2, புதன்

திருச்சி வண்டி இன்று தாமதமாகக் கிளம்பியது. விசில் என் கையில்தான் இருந்தது. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் சொர்ணமே ஜன்னல் வழியாக, "ஊதுங்கப்பா" என்றாள்.

தாமதத்துக்குக் காரணம் என்று 'இன்ஜின்' எழுதினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அடைக்கப்பன் பெரிய நாக்குக்காரனாகிவிட்டான். நேற்று வைத்தது தண்ணீராக இருந்ததாம். "நீயே செய்யேன்டா" என்றால், "நான் வியாதிக்காரன்" என்கிறான். தேங்காய்ப் பாலில் ஒரு நாள் செய்தேன், மாட்டுப்பாலை விட வாசமாக வந்தது. இளநீர் வழுக்கையை மசித்துச் சேர்த்தால் இன்னும் மெத்து. அவன் குழாயையும் நானே காய்ச்சுகிறேன். இருவருக்கும் இன்று பச்சை. மூன்று கிண்ணம் தின்றுவிட்டு என்னையும் என் கைராசியையும் திட்டிவிட்டுப் போனான்.

சொர்ணத்துக்குத் தேங்காய்ப்பால் விஷயத்தை எழுதிப் போட வேண்டும்.

1960 செப்டம்பர் 17, சனி

குளத்தூரில் சொர்ணம் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கு இன்று போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நல்ல நடை, காலில் வலி இல்லை. நான் வாசலில் நிற்கும்போது உள்ளே மூன்றாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் அவள் பிரம்பு இல்லாமல் நின்றாள். நான் கூப்பிடவில்லை. முடிகிற வரை நின்றேன்.

மணி அடித்ததும் பெரிய டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போனாள். இவ்வளவு வருஷம் பஸ் கம்பெனியில் இருக்கிறேன், அதைச் சொல்லுவாள் என்று சட்டையைச் சரி செய்துகொண்டேன்.

"எங்க அப்பாங்க. ரொம்ப நல்லாச் சமைப்பாங்க" என்றாள்.

எனக்குக் காது சுட்டது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அவர்களுடைய மாமியாருக்கும் பல் இல்லையாம், சர்க்கரையும் இருக்கிறதாம், ஒன்றும் இறங்கமாட்டேன் என்கிறதாம். நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்க. மொதல்லேருந்து சொல்லுங்க" என்றார்கள்.

உட்கார்ந்து, தீயை எப்படித் தணிப்பது என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.